பாதியில் நிற்கும் இரண்டு மலைகள்

அன்புள்ள ஐயா,

டென்வரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தோம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நாமே போய்ட்டு வந்துடலாம் வா" என்று என் கணவர் காரை எடுத்துவிட்டார். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, தெற்கு டகோட்டாவில் மவுண்ட் ரஷ்மோரைப் பார்த்தோம். படங்களில் பார்த்துப் பார்த்து மனதில் பெரிதாகிவிட்ட அந்த நான்கு ஜனாதிபதி முகங்களும் நேரில் எனக்குச் சின்னதாகத் தெரிந்தன. அவரோ வாயைப் பிளந்து நின்றார். மறுநாள், லகோட்டா பழங்குடி வீரர் கிரேசி ஹார்ஸுக்காக இன்னொரு மலையில் செதுக்கிவரும் சிற்பத்துக்குப் போனோம். அங்கே தலைகீழ். எனக்குப் பிடித்தது, அவருக்கு எரிச்சல். "1948-இல் ஆரம்பித்து முகத்தைத் தாண்ட முடியவில்லை, அதற்கு டிக்கெட் வேறு. அங்கே நாலு பேரை 14 வருஷத்தில் முடித்துவிட்டார்களே" என்றார். அது செவ்விந்தியர்களிடம் பிடுங்கிய மலை என்று நான் சொன்னதற்கு, "150 வருஷத்துப் பழங்கதை, விடு" என்கிறார். திரும்பும் வழியெல்லாம் இதே பேச்சுதான். நீங்கள் சொன்னால் கேட்பார். உங்கள் வாசகர் அவர்தான், நான் இல்லை.

உங்கள் வாசகரின் மனைவி

அன்புள்ள அம்மா,

கணவன் மனைவி வழக்கில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் வீட்டில் எனக்குப் போடப்பட்டிருக்கும் உத்தரவு. ஆனால் உங்கள் கணவர் சொன்னதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. அதைத் திருத்தும் சாக்கில் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

ரஷ்மோரை யாரும் முடிக்கவில்லை. பாதியில் நிறுத்தினார்கள். சிற்பி கட்சன் போர்க்ளம் போட்ட திட்டப்படி நான்கு பேரும் இடுப்புவரை வந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், வாஷிங்டனின் கோட்டுக் காலர் கொஞ்சம் கீழே இறங்கி வந்து மலைக்குள் கரைந்து போயிருக்கும். 1941 மார்ச்சில் போர்க்ளம் இறந்தார். மகன் லிங்கன் போர்க்ளம் சில மாதம் வேலையை நடத்தினார். கையில் பணம் இல்லை, போர் வேறு வாசலில் நின்றது. அந்த அக்டோபர் 31-ஆம் தேதியோடு மூட்டை கட்டிவிட்டார்கள். சின்னதாகத் தெரிந்தது என்றீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு முகம் 60 அடி உயரம். ஆனால் உடம்பில்லாத தலை, அதுவும் அவ்வளவு பெரிய மலையின் உச்சியில், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லாமல். படம் பிடிக்கிறவர்கள் மலையை ஓரம் கட்டிவிட்டு முகத்தை மட்டும்தானே நமக்குக் காட்டுகிறார்கள்.

சரி, அவர் வாயைப் பிளந்ததும் நியாயம்தான். அந்த வேலை அப்படி. பட்டறையில் செய்த மாதிரியில் ஓர் அங்குலம் என்றால் மலையில் ஓர் அடி. அந்தக் கணக்கை மேலே கொண்டுபோய்க் குறித்து, கம்பி வடத்தில் தொங்கும் இருக்கையில் உட்கார்ந்து துளை போட்டார்கள். எடுத்த கல்லில் பத்தில் ஒன்பது பங்கு டைனமைட் எடுத்ததுதான். முகத்தின் தோலுக்குச் சில அங்குலம் மிச்சம் இருக்கும்வரை வெடி வைத்தார்கள். அதற்குப் பிறகு தேன்கூடு போல நெருக்கி நெருக்கித் துளை போட்டு, நடுவில் நிற்கும் கல்லைத் தட்டி உதிர்த்தார்கள். 14 வருடத்தில் கிட்டத்தட்ட 400 பேர் வேலை செய்திருக்கிறார்கள். மலையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஜெஃபர்சன் கதை உங்கள் கணவருக்குப் பிடிக்கும். முதலில் அவரை, நாம் பார்க்கும்போது வாஷிங்டனுக்கு இடப்பக்கம் செதுக்கினார்கள். கல் சரியில்லை. அதுவரை செதுக்கியதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, வலப்பக்கம் புதிதாக ஆரம்பித்தார்கள். தேர்தல் இல்லாமலே ஒரு ஜனாதிபதியை இறக்கிய சம்பவம்! ரூஸ்வெல்ட் பின்னால் ஒதுங்கி நிற்பதும் இதே காரணத்தால்தான். நல்ல கல் கிடைக்கும்வரை உள்ளே குடைந்துகொண்டே போக வேண்டியிருந்தது.

நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலில் மேலே விமானம் அவ்வளவு அழகாக இருக்கும், கீழே வந்தால் உளி பாதியில் நின்றிருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். ரஷ்மோரில் அது தெரிவதில்லை. பாதியில் விட்டதையே முழுசு என்று காட்டிப் பழக்கிவிட்டார்கள். கிரேசி ஹார்ஸ் மலையில் இன்னும் வேலை நடக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. லகோட்டா தலைவர் ஹென்றி ஸ்டாண்டிங் பேர் கேட்டுக்கொண்டதால் அதைத் தொடங்கிய கோர்சாக் ஜியோல்கோவ்ஸ்கி, 1939-இல் கொஞ்ச நாள் ரஷ்மோரிலேயே வேலை பார்த்தவர். மத்திய அரசு தர வந்த பணத்தை வேண்டாம் என்றார். 1982-இல் அவர் இறந்தபோது முகம்கூட முடியவில்லை. அது முடிந்தது 1998-இல். அந்த டிக்கெட் பணத்திலும் நன்கொடையிலும்தான் மலை வேலை நகர்கிறது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிரேசி ஹார்ஸின் புகைப்படம் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுகூடக் கிடையாது. மலையில் நீங்கள் பார்த்தது சிற்பியின் கற்பனை முகம். எங்கள் வீரனுக்காக என்றாலும் புனித மலையை வெடி வைத்து உடைப்பது தப்பு என்று சொல்லும் லகோட்டாக்களும் இருக்கிறார்கள். அதனால் அந்த மலை நல்லது, இந்த மலை கெட்டது என்று நீங்களும் அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது.

பழங்கதை விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. இந்த இரண்டு சிற்பங்களும் இருக்கும் பிளாக் ஹில்ஸ் மலைத்தொடர் உங்களுடையது என்று 1868-இல் லாரமி கோட்டை ஒப்பந்தத்தில் லகோட்டாக்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1874-இல் அங்கே தங்கம் தென்பட்டது. 1877-இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு உரிய ஈடு தரப்படவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1980-இல் தீர்ப்புச் சொல்லி, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அவர்கள் வாங்கவில்லை. விற்காத நிலத்துக்கு விலை எதற்கு, நிலத்தைக் கொடு என்கிறார்கள். பணம் இன்னும் அரசாங்கக் கணக்கில் இருக்கிறது, வளர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பழங்கதைக்கு யாராவது வட்டி போடுவார்களா?

இன்னொரு முறை போனால் காலையில் போங்கள். முகங்கள் தென்கிழக்கைப் பார்த்திருப்பதால் வெயில் நேராக விழும். தெற்கிலிருந்து அயர்ன் மவுண்டன் ரோடு வழியாக வாருங்கள். அந்த மலைப்பாதையின் குகை வாய்களில் நான்கு முகமும் சட்டம் போட்ட படம் போலத் தெரியும். ஆனால் ஒற்றை வண்டி போகும் அகலம்தான். வளைவில் சண்டை வேண்டாம்.

அப்புறம், முகங்களுக்குக் கீழே சரிந்து கிடக்கும் கற்குவியலைக் கவனித்தீர்களா? மலையிலிருந்து உடைத்தெடுத்தது நாலரை லட்சம் டன். அப்படியே விழுந்த இடத்தில் விட்டுவிட்டார்கள். உங்கள் கணவர் எடுத்த படங்களில் ஏதாவது ஒன்றில் அது தெரியும். தேடிப் பார்த்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.