கார் திரையில் கல்யாண வீடியோ ஓடவில்லை, புது செட்டு வாங்கணுமா?

கேள்வி (கோவை வாசகர் ஒருவர்): மகள் கல்யாண வீடியோவை 64 ஜிபி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டு டிவியில் அருமையாக ஓடுகிறது. கார் டச் ஸ்கிரீனில் செருகினால் ‘ஃபைல் எதுவும் இல்லை’ என்று காட்டுகிறது. மைத்துனர் அதை ஒரு 16 ஜிபி பென் டிரைவுக்கு மாற்றிப் பார்த்தார். முகூர்த்த வீடியோ அதில் ஏறவே இல்லை. வரவேற்பு வீடியோ ஏறியது, ஆனால் காரில் படம் மட்டும் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. கடைக்காரர், “கம்பெனி செட்டு அப்படித்தான் சார், கழற்றிட்டு ஆண்ட்ராய்டு செட்டு போட்டுடலாம், 22 ஆயிரம் ஆகும்” என்கிறார். போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் மூன்று தனித்தனிக் காரணம் உண்டு. மூன்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே காசில்லாமல் சரிசெய்யலாம்.

முதலில் காரோடு வந்த கையேட்டில் யூஎஸ்பி பற்றிய பக்கத்தைப் பாருங்கள். எந்த வகை வீடியோ ஓடும் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். வெறும் எம்பி3 வகையறா மட்டும் இருந்தால் அந்த மாடலில் வீடியோ வசதியே இல்லை, என்ன செய்தாலும் ஓடாது. ஆனால் உங்கள் காரில் வரவேற்பு வீடியோவின் படம் ஓடியிருக்கிறது. ஆகவே செட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

64 ஜிபி டிரைவ் ஏன் தெரியவில்லை? அந்த அளவுள்ள டிரைவ்கள் பெரும்பாலும், ஃபைல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. பல கார் செட்டுகளுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் படிக்கத் தெரியும். 16 ஜிபி டிரைவ் ஃபேட்32-வாக இருந்திருக்கும், அதனால் கார் அதைப் படித்தது. ஆனால் ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஏறாது. முகூர்த்த வீடியோ ஏறாததற்குக் காரணம் அதுதான்.

சத்தம் வராதது வேறு கதை. எம்பி4, எம்கேவி என்பதெல்லாம் வெறும் உறைதான். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி ஒரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒலி ஏசி3 அல்லது டிடிஎஸ் முறையில் இருந்தால் டிவி பாடும், பல கார் செட்டுகள் ஊமையாகிவிடும். சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக இருந்தால் படம் ஹெச்.265 முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது 4கே வீடியோ கொடுப்பவர்கள் பலர் அதில்தான் கொடுக்கிறார்கள். விஎல்சி பிளேயரில் ஃபைலைத் திறந்து கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிவிடும்.

இனி செய்ய வேண்டியது. ஹேண்ட்பிரேக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வீடியோவைத் திறந்து, முன்னமைவுகளில் (பிரீசெட்) ‘ஃபாஸ்ட் 720பி30’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். படம் ஹெச்.264, ஒலி ஏஏசி, உறை எம்பி4 என்று மாறி வரும். கார் செட்டுகளில் மிகப் பரவலாக ஓடுவது இந்தச் சேர்க்கைதான். கார் திரைக்கு 720 தாராளம். மணிக்கணக்கில் ஓடும் வீடியோ என்றால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். முடிந்தபின் ஃபைல் அளவைப் பாருங்கள். அப்போதும் 4 ஜிபியைத் தாண்டினால் மாலை மாற்று, தாலி கட்டு என்று இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய வீடியோவைப் போடும் டிரைவ் 32 ஜிபிக்குள், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆனதாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியில் ஃபேட்32 தேர்வு வராமல் போகலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். வீடியோகிராபர் கொடுத்த டிரைவைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து ஒரு பிரதியைக் கம்ப்யூட்டரிலும் இன்னொன்றை வேறு ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்துவிட்டு, அசலைப் பீரோவில் பூட்டுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் கிடக்க வேண்டிய பொருள் அல்ல அது.

கேள்வி (திருச்சி வாசகி): போனை ஒயரில் இணைத்தால் மேப் வருகிறது, பாட்டு வருகிறது. யூடியூப் வீடியோ மட்டும் வரவில்லை. என் காரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. போனில் இருப்பதைக் கார் திரைக்குக் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்பிளேயும் கார் ஓடும்போது வீடியோ காட்டக் கூடாது என்ற எண்ணத்தோடு உருவாக்கப்பட்டவை. நிறுத்தியிருக்கும்போது மட்டும் வீடியோ பார்க்கும் வசதியைக் கூகுள், ஆப்பிள் இரண்டு நிறுவனங்களும் 2025-இல் அறிவித்தன. போன் புதிதாக இருந்தால் போதாது, கார் கம்பெனியும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் உங்கள் மாடலைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): ஹேண்ட் பிரேக் போட்டால்தான் காரில் படம் ஓடுகிறது. ஒரு ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஓட்டும்போதும் ஓடும், 500 ரூபாய்தான் என்கிறார்கள். பின்சீட்டில் பிள்ளைகள் பார்ப்பதற்காகத்தான் கேட்கிறேன்.

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதைச் செட்டுக்குச் சொல்வது அந்த ஒயர்தான். அதை நேரே பாடியில் எர்த் கொடுத்துவிட்டால், கார் எந்நேரமும் நின்றுகொண்டிருப்பதாகச் செட்டு நம்பிவிடும். வேலை ஐந்து நிமிடம்தான். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பாட்டுக் காட்சியை இரண்டு நொடி திரும்பிப் பார்த்தால் 44 மீட்டர் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள். நான்கு வழிச் சாலையில் நடுவே மாடு நிற்கும், எதிர்த்திசையில் பைக் வரும், உங்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்காகப் போட்டாலும், நடுவில் அசையும் படத்தை ஓட்டுகிறவரின் கண் பார்க்காமல் இருக்காது. ஆபத்தாக ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் வழக்கு வந்தால் முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒயரில் கை வைத்தால் மின்சாரப் பகுதிக்கான வாரன்டியிலும் பிரச்சினை வரும்.

பிள்ளைகளுக்கு ஒரு டேப்லெட் போதும். படங்களை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் சிக்னல் தேட வேண்டியதில்லை. முன்சீட்டின் பின்புறம் இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள். சடன் பிரேக் போடும்போது கழன்று முகத்தில் அடிக்கக் கூடாது.

கேள்வி (சேலம் வாசகர்): பழைய கார், அதில் ஆடியோ செட்டு மட்டும்தான் இருக்கிறது. டச் ஸ்கிரீன் போட்டே ஆக வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெட்டியில் எழுதியிருக்கும் ரேம், ஸ்டோரேஜ் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். பெயர் தெரியாத செட்டுகளில் செட்டிங்ஸ் பக்கத்திலேயே பொய்யான எண் காட்டும்படி செய்துவிடுகிறார்கள். நீங்கள் காரில் போடப்போகும் அதே பென் டிரைவைக் கடைக்குக் கொண்டுபோய், டெமோ செட்டில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மேப்பைத் திறந்தபடியே பாட்டை மாற்றிப் பாருங்கள், தடுமாறுகிறதா என்று அப்போதே தெரியும். பட்டப்பகலில் கடைக்கு வெளியே வைத்துத் திரை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் மாடலுக்கான கப்ளர் (ஒயரை வெட்டாமல் செருகும் இணைப்பு) வைத்துத்தான் மாட்டச் சொல்ல வேண்டும். ஒயரை வெட்டி டேப் சுற்றுவேன் என்றால் வேறு கடை பாருங்கள். சாவியை எடுத்தபின் திரை அணைகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

ஜிஎஸ்டி பில்லில் மாடல் எண்ணும் வாரன்டி காலமும் எழுதி வாங்குங்கள். பின்னால் கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.