கோவைக்கு மாறுமுன் அடுத்த வேலையைத் தேடிப் பாருங்கள்

கேள்வி: நானும் மனைவியும் பெங்களூரில் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறோம். கோவையில் எனக்கு மட்டும் வேலை உறுதியாகியுள்ளது. சம்பளம் சற்றுக் குறைவு. குடும்பத்துடன் மாறலாமா?

பதில்: குறைந்த வாடகை, சிறுவாணித் தண்ணீர், மேற்குத் தொடர்ச்சி மலைக்காற்று என்று கோவைக்காக வாதாடுவது எளிது. ஆனால் தொழில்நுட்பப் பணியாளர்களை ஒரு நகரம் தக்கவைத்துக்கொள்வது இவற்றால் அன்று. இருக்கும் வேலை போனால், வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றாமல் இன்னொரு வேலை கிடைக்குமா என்பதே அதை முடிவுசெய்கிறது. 1909இல் இந்திய அறிவியல் கழகம், 1940இல் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்., 1985இல் சிப் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று பெங்களூரில் திறமையும் நிறுவனங்களும் ஒன்றையொன்று ஈர்த்துப் பல தலைமுறைகளாகச் சேர்ந்தன. வெளிவட்டச் சாலை நெரிசலைத் திட்டிக்கொண்டே பலரும் அங்கேயே இருப்பதற்கு அதுவே காரணம்.

கோவையின் அடித்தளம் வேறு. பம்பு, மோட்டார், நெசவு இயந்திரத் தொழில்களும் அவற்றுக்கு ஆள் தந்த பொறியியல் கல்லூரிகளும் உருவாக்கிய ஊர் அது. மென்பொருள் நிறுவனங்களுக்கான டைடல் பூங்கா 2010இல்தான் வந்தது. பூங்கா இடம் தருமே தவிர, வேலைச் சந்தையை உருவாக்கிவிடாது. எனவே எம்பெடட் மென்பொருள் (கருவிகளுக்குள் பொதிந்து அவற்றை இயக்கும் மென்பொருள்) உங்கள் துறையானால், பாஷ் போன்ற பெரிய பொறியியல் மையம் உள்ள கோவை உங்களுக்குப் பொருந்தும். சேவை நிறுவன வேலைகளும் உண்டு. சிப் வடிவமைப்பு, மூத்த புராடக்ட் மேனேஜர் போன்ற பொறுப்புகளுக்கோ பெங்களூரில் கிடைக்கும் தெரிவுகளில் சிறு பங்கே அங்கு இருக்கும்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் மனைவியின் வேலையைப் பற்றித்தான். ராஜினாமா செய்யுமுன், அவருடைய அனுபவத்துக்கும் திறனுக்கும் ஏற்ற காலியிடங்கள் கோவையில் எத்தனை என்று வேலைவாய்ப்புத் தளங்களில் சில வாரங்கள் தொடர்ந்து பாருங்கள். தற்போதைய நிறுவனமே வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதித்தால், மேலாளரின் வாய்மொழியை நம்பாமல், மனிதவளத் துறையிடம் எழுத்தில் பெறுங்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய கோவை–பெங்களூர் வந்தே பாரத் ரயிலில் மாதம் ஒருமுறை பெங்களூர் அலுவலகம் சென்றுவரலாம்; வாரந்தோறும் என்றால் உடம்பு தாங்காது.

பெங்களூரில் சொந்த வீடு இருந்தால் உடனே விற்றுவிடாதீர்கள். கோவையில் முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள். அலுவலகம் சரவணம்பட்டிப் பக்கமா, அவிநாசி சாலையிலா என்பதைப் பொறுத்து வீடு பாருங்கள். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலம் அவிநாசி சாலைத் தடத்துக்குத்தான் உதவும்.