தொண்டை கிழியாமல் கத்த: இந்த மாதக் கேள்விகள்

டெத் மெட்டல் மாதிரி முரட்டு ராக் இசையில் ஸ்க்ரீம் (மேலே போகிற கத்தல்), க்ரௌல் (தாழ்ந்த உறுமல்) பாடப் பழகுகிறவர்களுக்கான பகுதி இது. கோயில் கொடை சீசன் முடிந்த கையோடு கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வழக்கமாகச் சொல்வதை இந்த முறையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலித்தால் நிறுத்துங்கள். கீழே எந்தப் பதிலைப் படித்தாலும் இதை அதன் முன்னால் ஒட்டிக்கொண்டு படியுங்கள்.

பத்து நிமிஷம் ஸ்க்ரீம் பண்ணினால் தொண்டை எரிகிறது. ஜிம்முக்குப் போன புதிதில் உடம்பு வலிக்குமே, அது மாதிரிதானே? பழகிவிடுமா? (தூத்துக்குடி)

பழகாது, காய்த்துப் போகும். மண்வெட்டி பிடித்த கை காய்த்தால் வேலைக்கு நல்லது. குரல்நாண் காய்த்து முடிச்சு விழுந்தால் அதற்கு நாட்யூல் என்று பெயர்.

ஃப்ரை முதலில் கற்பதா, ஃபால்ஸ் கார்டா? இரண்டையும் சேர்த்துப் பழகலாமா? (விக்கிரமசிங்கபுரம்)

இரண்டும் கரகரப்பை வரவைக்கிற இரண்டு வழிகள். எது உங்களுக்குச் சுலபமாக வருகிறதோ அது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அரிசி மூட்டையைத் தூக்கும்போது ‘ஹ்ம்ம்’ என்று ஒரு முக்கு முக்குவோமே, அப்போது தொண்டைக்குள் கதவு சாத்துகிற மாதிரி ஒன்று நெருங்கும். குரல்நாணுக்கு மேலே இருக்கும் ஃபால்ஸ் கார்ட் அதுதான். அந்த முக்கலை முக்கால்வாசி தளர்த்திவிட்டு, பெருமூச்சு விடுகிற மாதிரி காற்றை அனுப்புங்கள். கரகரவென்று அடியில் ஏதாவது உருண்டால் நீங்கள் ஃபால்ஸ் கார்ட் ஆள். ஃப்ரை என்பது காலையில் எழுந்ததும் பாயில் கிடந்தபடியே ‘என்னம்மா’ என்று இழுக்கிற குரல். அது உங்களுக்கு நாள் முழுக்க எளிதாக வந்தால் அந்தப் பக்கம் போங்கள்.

ஒன்றை எடுத்தால் மூன்று மாதம் அதிலேயே இருங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் போதும். அதற்கு முன்னால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராக 25, 30 விநாடி காற்று விட வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையா? ஃப்ரையும் வேண்டாம், ஃபால்ஸ் கார்டும் வேண்டாம். முதலில் ‘ஸ்ஸ்ஸ்’.

எந்தச் சதை எப்போது ஆடுகிறது என்பதை ரொம்ப மனப்பாடம் செய்யாதீர்கள். லோர்னா ஷோர் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் பாடகர் வில் ராமோஸின் தொண்டைக்குள் யூட்டா பல்கலைக்கழகத்தில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல்நாணுக்கு மேலே இருக்கிற பாகங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டி போட்டு ஆடின. அவர் அதையெல்லாம் படம் வரைந்து பார்த்துவிட்டுப் பாடக் கற்றவரில்லை.

எங்கள் சுடலைமாடன் கோயில் கொடையில் சாமியாடி போடுகிற சத்தத்தை எந்த டெத் மெட்டல் பாடகரும் போட முடியாது. அவரிடமே கற்றுக்கொள்ளலாமா அண்ணாச்சி? (அம்பாசமுத்திரம் பக்கம்)

சத்தம் சரி. மறுநாள் காலையில் அவர் பேசியதைக் கேட்டீர்களா? நான் பார்த்த சாமியாடி ஒருவர் டீக்கடையில் கைஜாடை காட்டித்தான் டீ வாங்கினார். வருஷத்துக்கு ஒரு ராத்திரி வந்து போகிற சாமிக்கு அது கட்டும். வாரம் மூன்று நாள் ஒத்திகை வைக்கிற உங்களுக்குக் கட்டாது.

அதே கொடையில் நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் வேறு. கணியான் கூத்தின் அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர். பக்கத்திலேயே மகுடம் என்கிற பறை இரண்டு அதிர, ராத்திரி முழுக்கக் கதை பாடுகிறார். அவர் அடியை முடித்ததும் பின்பாட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். அந்த இடைவெளியில் அண்ணாவியின் தோளைப் பாருங்கள். தோள் ஏறாது, விலாதான் விரியும். நம் பையன்கள் மூச்சு எடுக்கும்போது தோள் காது வரைக்கும் போய்விட்டு வருகிறது. உங்கள் பாட்டிலும் கிட்டார் மட்டும் ஓடுகிற இடங்களைத் தேடி, ‘இங்கே மூச்சு’ என்று வரிக்கு நடுவே எழுதி வையுங்கள்.

பெண்களால் க்ரௌல் பண்ண முடியுமா? (தென்காசி)

ஏஞ்சலா கோசோவ் 2000-ல் ஆர்ச் எனிமி என்ற மெட்டல் குழுவில் க்ரௌல் பாடகராகச் சேர்ந்தார். இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது, இன்னும் இந்தக் கேள்வியா? ஃபால்ஸ் கார்ட் எல்லார் தொண்டையிலும் இருக்கிறது.

கச்சேரிக்கு முன்னால் பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம் இதில் எது நல்லது? எவ்வளவு, எத்தனை வேளை? (பாளையங்கோட்டை)

எதிர்பார்த்தேன். மாதத்துக்குப் பத்துக் கடிதமாவது இப்படி வருகிறது.

விழுங்குகிற எதுவும் குரல்நாணைத் தொடாது. விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ளும். சாப்பிட்டது பின்பக்கமாக உணவுக்குழாய்க்குப் போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வழி தவறி அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும்? புரையேறும். வீட்டில் எல்லாரும் தலையில் தட்டுவார்கள். அப்படியிருக்க, பனங்கற்கண்டு மட்டும் குரல்நாணில் போய் உட்கார்ந்து பூசிவிட்டு வருமா? உடன்குடிக் கருப்பட்டி ஆனாலும் போகாது. எச்சில் ஊறும், மேல்தொண்டைக்கு இதமாக இருக்கும். அந்த இதத்துக்காகச் சாப்பிடுங்கள், நானும் சித்தரத்தை மென்றவன்தான். ஆனால் அதை நம்பி மேடை ஏறாதீர்கள்.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. இருபது வயதில் ஒரு கல்லூரி விழாவில் பாடினேன். ஒத்திகையிலேயே தொண்டை கட்டிவிட்டது. மென்தால் மிட்டாய் ஒரு கைப்பிடி வாங்கி, கன்னத்தில் இரண்டு இரண்டாக அடக்கிக்கொண்டு ஏறினேன். தொண்டை மரத்துப் போய், ஐந்து பாட்டு வரைக்கும் வலியே தெரியவில்லை. ஆறாவது பாட்டுக்கு நடுவில் மைக் செத்துவிட்டது. சவுண்டு செட்காரரைப் பார்த்துக் கையை நீட்டித் திட்டினேன். அவர் மைக்கைக் கையில் வாங்கி ‘ஹலோ, ஹலோ’ என்றார். மைதானம் முழுக்கக் கேட்டது. போனது மைக் இல்லை, என் குரல்.

அதற்குப் பிறகு செய்தது அதைவிட முட்டாள்தனம். ஓய்வு கொடுக்கிறேன் என்று ஒரு வாரம் கிசுகிசுத்தே பேசினேன். கிசுகிசுப்பது ஓய்வு இல்லை, அதற்கும் தொண்டை இறுகத்தான் செய்யும். ஓய்வு என்றால் வாயை மூடுவது. அத்தை கொடுத்த கஷாயம், பக்கத்து வீட்டு அண்ணாச்சி கொடுத்த லேகியம் எல்லாம் உள்ளே போயின. கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, ‘வீங்கியிருக்கு, பேசாதீங்க’ என்றார். இரண்டே வார்த்தை. குரல் திரும்ப ஏழு வாரம் ஆயிற்று. மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் இன்று வரைக்கும் பிசிறடிக்கிறது.

வலி என்பது உங்களுக்காக வாசலில் உட்கார்ந்திருக்கிற காவல்காரன். அவனுக்கு மிட்டாய் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வீட்டைத் திறந்துபோட்டு வைக்காதீர்கள்.

சரி, எதுதான் உதவும்? தண்ணீர். அதுவும் மேடைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பது இல்லை. அந்த ஈரம் உடம்பு வழியாகச் சுற்றி வர மணிக்கணக்காகும். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மூச்சோடு குரல்நாணை நேராகத் தொடுவது ஆவி ஒன்றுதான். வெறும் தண்ணீர் ஆவி, சூடு தாங்குகிற அளவுக்கு, பத்து நிமிஷம். தைலம் போட வேண்டாம். அப்புறம், தூக்கம்.

ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டாவைச் சால்னாவில் முக்கி நாலு அடித்துவிட்டு நேராகப் படுக்கையில் விழுகிற ஆட்கள் அதை நிறுத்துங்கள். வயிற்று அமிலம் மேலே ஏறி வந்து குரல்நாண் பக்கம் நனைத்துவிட்டுப் போகும். காலையில் தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரிக் கனைத்துக்கொண்டே இருப்பீர்கள். பார்டர் பரோட்டாவுக்கு நான் எதிரி இல்லை. சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள்.

குரல் கட்டி இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றால் எனக்கு எழுதாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் பழகினால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள். பணகுடி காற்றாலைப் பக்கம் போய்க் கத்தலாமா? (வள்ளியூர்)

போகாதீர்கள். அந்தக் காற்றில் உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வராது. காதுக்குக் கேட்கவில்லை என்றால் தொண்டை தானாகவே அழுத்தம் கூட்டும், நீங்கள் தடுத்தாலும் நிற்காது. மணிமுத்தாறு அருவிக்கும் இதே பதில். அக்கம்பக்கம் சண்டைக்கு வருகிறது என்றால் நீங்கள் தேவைக்கு மேல் சத்தம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். பதிவில் இடி மாதிரிக் கேட்கிற க்ரௌல் பலதும் அறைக்குள் சாதாரணப் பேச்சைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். மீதியை மைக் பார்த்துக்கொள்ளும். அடுத்த அறையில் அம்மா டிவி பார்க்க முடிகிற சத்தத்தில் பழகுங்கள்.

தமிழ் வரிகள் க்ரௌலில் புரிவதே இல்லை. எங்கள் பாட்டில் ‘மழை’ ‘நிழல்’ என்று நிறைய வருகிறது. (கோவில்பட்டி)

புரியாதுதான். ‘ழ’ க்ரௌலில் கரைந்துபோகும். ம, ண, ங வந்தால் காற்று மூக்குப் பக்கம் ஒழுகி, கரகரப்பு மெலியும். ‘மண்ணின் மணம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதைக் க்ரௌல் பண்ணிப் பாருங்கள், ஜலதோஷம் பிடித்த மாடு கத்துகிற மாதிரி இருக்கும். நம் மொழியின் பலம் இரட்டிப்புதான். வெட்டு, கொக்கி, நெற்றி. ‘ட்ட’, ‘க்க’ வரும் இடத்தில் காற்று ஒரு கணம் அடைபட்டு வெடிக்கும். அந்த ஒரு கணத்தில் தொண்டைக்கும் ஓய்வு. ட்ரம்ஸ்காரரின் ஸ்நேர் ட்ரம் ‘பட்’ என்று விழுகிற அடியில் இரட்டிப்பைக் கொண்டுபோய் உட்கார வையுங்கள். தாழ்ந்த க்ரௌலுக்கு ஓ, ஊ. மேலே போகிற ஸ்க்ரீமுக்கு ஈ, ஏ. ‘மழை’யைச் சாதாரணக் குரலில் பாட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு மைக் எது வாங்கலாம்? (நாங்குநேரி)

ஷூர் எஸ்.எம். 58. ஏறக்குறைய 10,000 ரூபாய். 2,000 ரூபாய்க்குக் கிடைத்தால் அது போலி. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பின்பக்கச் சத்தத்தையும் இழுத்துக்கொண்டு கூ என்று கத்தும், வார்த்தையும் தெளியாது.

வயது 14. குரல் உடைந்துகொண்டிருக்கிறது. ஆரம்பிக்கலாமா? (சேரன்மகாதேவி)

‘ஸ்ஸ்ஸ்’ மட்டும். குரல் ஒரு நிலைக்கு வந்தபிறகு எழுதுங்கள் தம்பி.

என் வாய்ஸ் எப்படி இருக்கு, கேட்டுச் சொல்லுங்க. (ஊர் எழுதவில்லை)

பதினான்கு பதிவு அனுப்பியிருக்கிறீர்கள். பதினான்கும் குளியலறையில், அதில் மூன்றில் குழாய் ஓடுகிறது. நாலில் ஒரிஜினல் பாட்டும் பின்னால் ஓடுவதால் கத்துவது நீங்களா அந்தப் பாடகரா என்றே தெரியவில்லை. வயது, எத்தனை மாதமாகப் பழகுகிறீர்கள், வலி இருக்கிறதா, ஒன்றும் எழுதவில்லை. ஒரே ஒரு பதிவு, 30 விநாடி, ஃபேனை நிறுத்திய அறையில், பின்னணி இசை இல்லாமல் எடுத்து அனுப்புங்கள். கத்தி முடித்தவுடன் உங்கள் பெயரையும் ஊரையும் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். நான் முதலில் கேட்கப்போவது அந்தக் கடைசி ஐந்து விநாடியைத்தான்.