மாந்தோப்பை விற்கும் முன் மகளின் நோட்டைப் புரட்டுங்கள்

போன வாரம் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேல்படிப்பு பற்றிக் கேட்க என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே ஓசூரில் வேலை பார்க்கும் தாய்மாமன். கேள்வி ஒன்றுதான்: ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பை விற்று, கோயம்புத்தூரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடலாமா? மாமா பேசினார், அப்பா தலையாட்டினார். பெண் மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதறாதீங்க, நல்ல மார்க்தான்" என்றுதான் ஆரம்பித்தேன். அந்த நோட்டை வாங்கிப் பார்த்ததும் சமாதானம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு போல்ட். வாரம் ஒரு நாள் அதைப் பழைய கிணற்றில் விட்டு நீர்மட்டம் குறித்திருக்கிறாள், இரண்டு வருடமாக. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "பக்கத்துக் கொல்லையில் நெல்லுக்குத் தண்ணி கட்டினார்கள். நாலாம் நாள் நம் கிணறு முக்கால் அடி ஏறியது. மழை இல்லை." அதற்குக் கீழே சின்னதாக: "அதே தண்ணியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே வேலையாகச் செய்து சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. நிலத்தடி நீரியல் என்பது அதன் பெயர். வயலில் பாயும் தண்ணீர் முழுவதையும் பயிர் குடிப்பதில்லை, ஒரு பகுதி கீழே இறங்குகிறது. இறங்கும் வழி இரண்டு. புதுத் தண்ணீர் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பழைய தண்ணீரை மெல்லக் கீழே தள்ளுவது ஒன்று. வேர் அழுகிய துளை, மண்புழு வளை, வெடிப்பு வழியாகச் சட்டென்று இறங்கிவிடுவது இன்னொன்று. ஆகவே கிணறு ஏறியது என்றால் பக்கத்துக் கொல்லைத் தண்ணீர்தான் வந்து சேர்ந்தது என்று அர்த்தமில்லை. அது தள்ளிவிட்ட பழைய தண்ணீராகவும் இருக்கலாம். பெண் கேட்டிருப்பது இதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க வயலில்தான் இறங்க வேண்டும். பாசனத் தண்ணீரில் அடையாளத்துக்கு ஒரு உப்பையோ சாயத்தையோ கலந்து விடுவார்கள். சில நாள் கழித்து மண்ணைத் துளைத்து ஆழம் ஆழமாக மாதிரி எடுத்து, அடையாளம் எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மழைக்கு முன் மண்ணுக்குள் துளி டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம்) செலுத்தி, மழைக்குப் பின் அது எவ்வளவு கீழே நகர்ந்தது என்று அளந்து, நாட்டின் பல இடங்களில் நீர் ஊறும் அளவைக் கணக்கிட்டிருக்கிறார்கள். தரையில் நாலு கம்பி அடித்து மின்சாரம் செலுத்தி, மக்கிய பாறை எங்கே முடிகிறது, கெட்டிப்பாறை எங்கே தொடங்குகிறது என்று ஊகிப்பதும் இதே வேலையில் சேர்த்தி. தேங்காயைக் கையில் வைத்துப் பாயிண்ட் பார்ப்பவரை நம்பி ஆயிரம் அடி போர் ஓட்டி, தண்ணீருக்குப் பதில் புகையைப் பார்த்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை!

தருமபுரி, கிருஷ்ணகிரியைவிட இதற்குத் தோதான பள்ளிக்கூடம் வேண்டுமா? எங்கும் கடினப்பாறை. மேலே மக்கிய அடுக்கில்தான் சேமிப்பு, கீழே போனால் வெடிப்புகளில் மட்டும்தான் ஓட்டம். தண்ணீர் பாறையோடு அதிக காலம் கிடந்தால் ஃபுளோரைடு கரைந்து சேர்கிறது. பல்லில் கறை ஏறியவர்களை நாம் பார்க்காத ஊரில்லை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது.

சரி, படிப்பு. சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி, அதாவது நிலவியல், இருக்கிறது. கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். பெண் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. அப்புறம் எம்.எஸ்சி.: பெரியார் பல்கலைக்கழகம், கிண்டி அண்ணா பல்கலைக்கழகம், ஜாம் என்ற முதுகலை நுழைவுத் தேர்வில் தேறினால் ஐஐடி. முதுகலை முடித்தவர்களுக்கு யுபிஎஸ்சி ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு நடத்துகிறது. அதில் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் சயின்டிஸ்ட் பி பணியிடமும் உண்டு. ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 56,100. மாநிலத்தில் டிஎன்பிஎஸ்சி வழியாக உதவி நிலவியலாளர்.

ஒளிக்காமல் சொல்கிறேன். இடங்கள் குறைவு, ஐந்து வருடப் படிப்புக்குப் பிறகும் போட்டித் தேர்வு, பாதி நாள் வெயிலில். மாமா உடனே பிடித்துக்கொண்டார்: "பொம்பளப் புள்ள காட்டுல அலையணுமா சார்?" அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்தாள். "இப்பவும் அலையறேனே மாமா."

அந்த அப்பாவிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அண்ணா, தோப்பை விற்காதீர்கள். மாமா போட்ட கணக்கே பதினைந்து லட்சம். அந்தப் பணத்தில் வாங்கப்போவது உங்கள் மகள் கேட்காத படிப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை, அவள் விரும்பிக் கேட்டிருந்தால் கல்விக் கடனைப் பற்றிப் பேசியிருப்பேன். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா கவலைப்பட்டார். தோப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கல்லூரி விண்ணப்பம் திறக்கும்வரை பெண்ணுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தண்ணீரில் கரைந்த உப்பளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பக்கத்துக் கொல்லைக்காரர் அடுத்த முறை தண்ணீர் கட்டும்போது, அவர் வாய்க்காலிலும் தன் கிணற்றிலும் தினமும் உப்பளவு பார்த்து எழுத வேண்டும். மட்டம் ஏறியும் கிணற்று உப்பு அசையவில்லை என்றால் வந்தது பழைய தண்ணீராக இருக்கலாம். வாய்க்கால் தண்ணீரின் அளவை நோக்கி நகர்ந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நோட்டில் அடுத்த பக்கம் காலியாகத்தான் இருந்தது.