650 சொல்லுக்குள் உங்கள் கட்டுரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளுக்கு காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) வழியாக விண்ணப்பிக்கிறேன். ரோபோ போட்டியில் தோற்று, மறுவருடம் ஜெயித்ததைப் பற்றிய கட்டுரை 900 சொல் வந்துவிட்டது. எதை வெட்டுவது?

பதில்: காமன் ஆப்பில் குறைந்தது 250 சொல், அதிகபட்சம் 650. அதற்கு மேல் படிவம் ஏற்காது. பலரும் வரிக்கு ஒரு சொல்லாகக் கிள்ளிக் கிள்ளிக் குறைப்பார்கள். அப்படிச் செய்தால் கட்டுரை முழுக்க வற்றிப்போகும். பத்தி பத்தியாக எடுங்கள்.

முதலில் போகவேண்டியது “சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம் அதிகம்” என்ற தொடக்கம். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்து, போட்டியின் விதிகள், அணியின் பெயர், வாங்கிய பரிசுகள். பரிசுகளுக்கு அதே விண்ணப்பத்தில் தனி இடம் உண்டு. செயல்பாடுகளுக்கும் உண்டு: 10 செயல்பாடுகள், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. அங்கே சொன்னதை இங்கே திரும்பச் சொன்னால் அத்தனை சொல்லும் வீண்.

மீதி இருப்பதில் ஒரே ஒரு தருணத்தைப் பிடியுங்கள். “மூன்றாவது முறையும் மோட்டார் சுற்றவில்லை. சாலிடர் வைத்த இடத்தை நகத்தால் நெம்பினேன். ஒயர் கையோடு வந்துவிட்டது.” இந்த மூன்று வரி போதும், படிப்பவர் உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்.

ஆனால் சம்பவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நல்ல கட்டுரைகள்கூடச் சறுக்குவது இங்கேதான்: 600 சொல் நிகழ்ச்சி, கடைசியில் “விடாமுயற்சி வெற்றி தரும்” என்று ஒரு வரி. குறைந்தது 200 சொல்லையாவது, அதன் பிறகு உங்களிடம் என்ன மாறியது என்பதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்த பிறகே மூடியை மாட்டும் பழக்கம் வந்ததா? அவசரப்பட்டது நீங்கள்தான் என்று அணியிடம் ஒப்புக்கொண்டீர்களா? அதை எழுதுங்கள். ஜெயித்த கதைக்கு ஒரு வரி போதும்.

கேள்வி: மகனின் கட்டுரையை நானே திருத்தி எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுங்கள், வாக்கியத்தில் கை வைக்காதீர்கள். நாற்பது வயதுக்காரரின் நடை பதினேழு வயதுப் பிள்ளையின் கட்டுரையில் துருத்திக்கொண்டு நிற்கும். ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுங்கள்: “அப்போது உனக்கு என்ன தோன்றியது?” பிறகு மகனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு இடறும் இடமெல்லாம் அவருடைய சொல் இல்லாத இடம். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தன்னுடையது என்று கொடுப்பதை காமன் ஆப் மோசடியாகவே கருதுகிறது, அதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: இதே கட்டுரையை கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், பிரிட்டனுக்கும் அனுப்பலாமா?

பதில்: முடியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பமே தனி. 8 கேள்விகளில் 4-ஐத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் எழுதவேண்டும். அங்கே காட்சி வர்ணனைக்கு இடமில்லை. முதல் வரியிலேயே பதில் வரட்டும். பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள், இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்து, ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்து. அங்கே பேசவேண்டியது நீங்கள் படிக்கப்போகும் பாடத்தைப் பற்றி. ரோபோ கட்டுரையில் அந்தச் சாலிடர் வரிகளை மட்டும் எடுத்துப் போகலாம்.