கப்பலேறியவர்கள் சொன்ன காரணம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவுக்கு வெள்ளையர் குடியேறியது என்றாலே மேஃபிளவர் கப்பல், மதச் சுதந்திரம் என்றுதான் பள்ளியில் படித்தோம். சென்ற வாரம் ஒரு வாட்ஸப் ஃபார்வர்ட் வந்தது. அமெரிக்காவில் வெள்ளையர்களும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், கறுப்பர்கள் மட்டும் ஏன் இன்னும் அதையே பேசுகிறார்கள் என்று அதில் இருந்தது. உலகத்தை ஆண்ட பிரிட்டனின் ஆட்கள் கூலியாகக் கப்பலேறினார்களா? ஏறினார்கள் என்றால், ஏன்?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

ஏறினார்கள். அமெரிக்கப் புரட்சிக்கு முன் அங்கே போன வெள்ளையர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒப்பந்தக் கூலிகள். பிரிட்டன் ஆண்டது என்பதால் அங்கிருந்த எல்லோரும் ஆண்டார்கள் என்று ஆகிவிடாது. குத்தகைக்காரன் அங்கேயும் குத்தகைக்காரன்தான்.

ஏன் போனார்கள் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அவர்களிடமே கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியதைப் பார்த்துப் பயந்த பிரிட்டிஷ் அரசு, 1773 டிசம்பரில் துறைமுகச் சுங்க அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. கப்பலேறும் ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், போகுமிடம், போகும் காரணம் எல்லாவற்றையும் பதிய வேண்டும். 1776 வரை 9,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் பதிவானார்கள்.

அவற்றில் என்னை மிகவும் பாதித்தது ‘பேச்சலர்’ என்ற கப்பலில் இருந்தவர்களின் வாக்குமூலம். ஸ்காட்லாந்தின் வடகோடியிலிருந்து வட கரோலினாவுக்குக் கிளம்பிய கப்பல் அது. புயலில் அடிபட்டு ஷெட்லாந்து தீவில் மாட்டிக்கொண்டது. 1774 ஏப்ரலில் அதிகாரிகள் ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள். 50 வயது விவசாயி ஒருவர், நான்கு பிள்ளைகளின் தகப்பன், சொன்னது இது: விளைச்சல் பொய்த்தது, ரொட்டி விலை ஏறியது. குத்தகை 2 பவுண்டிலிருந்து 5 பவுண்டானது. மாடு மேய்த்த பொது நிலத்தில் புதுக் குத்தகைக்காரர்களைக் குடிவைத்தார்கள். புல்லில்லாமல் மாடுகள் செத்தன. போதாததற்கு நிலக்காரருக்கு உழுது, புல் அறுத்து, அடுப்பெரிக்கும் கரிமண் சுமந்து, கதிர் அறுத்துக் களம் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 30, 40 நாள் வெட்டி வேலை. புல் அறுத்தவனுக்கு மட்டும் ஒருவேளைச் சாப்பாடு, மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. அந்த நிலக்காரர் ஒரு பாதிரியார்.

அமெரிக்காவில் சாப்பாடு மலிவு, கூலி அதிகம் என்று முன்னால் போனவர்களிடமிருந்து தகவல் வந்ததாம். அதை நம்பி அவர் கிளம்பினார். இன்றைக்கும் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் இப்படித்தான் கிளம்புகிறார்கள்.

பிரிகிறவர்கள் அழாமல் இல்லை. 1773-ல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போன எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் ஒரு பெண்மணி சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறார். முந்தைய ஆண்டு அந்தத் தீவின் போர்ட்ரீ துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் கிளம்பியபோது, கரையில் நின்ற உறவினர்கள் தரையில் விழுந்து புரண்டு புல்லைப் பல்லால் கடித்துப் பிடுங்கினார்களாம். 1773-லோ யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாமும் சீக்கிரமே பின்னால் போய்விடுவோம் என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது. அந்தத் தீவில் அப்போது ஆடிய ஒரு நடனத்துக்கே ‘அமெரிக்கா’ என்று பெயர். ஒரு ஜோடி சுழல, அடுத்த ஜோடி சுழல, கடைசியில் எல்லோரும் சுழல்வார்கள்.

மதக் காரணம் பொய் என்று சொல்லவில்லை. 1630-களில் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக்குப் போன சுமார் 20,000 பேரில் பலருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் மேஃபிளவரின் 102 பயணிகளிலேயே பாதிப்பேர்தான் மதத்துக்காகக் கிளம்பிய சபையைச் சேர்ந்தவர்கள். வர்ஜீனியா, மேரிலாந்து புகையிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை வயிற்றுப்பாடுதான். 1718-க்குப் பிறகு சுமார் 50,000 குற்றவாளிகளையும் பிரிட்டன் அங்கே நாடு கடத்தியது.

சரி, ஒப்பந்தக் கூலி என்றால் என்ன? கப்பல் கட்டணத்துக்குப் பதிலாகப் பொதுவாக 4 முதல் 7 ஆண்டு உழைப்பதாக எழுதிக் கொடுப்பது. ஜான் ஹாரோவர் என்ற ஷெட்லாந்துக் கடைக்காரர், மனைவி மக்களை விட்டுவிட்டு வேலை தேடி லண்டன் வந்தார். 1774 ஜனவரியில் கையில் கடைசி ஷில்லிங். வர்ஜீனியாவில் நான்கு ஆண்டு வாத்தியாராக இருக்க ஒப்புக்கொண்டார். சாப்பாடு, படுக்கை, துணி துவைப்பு, அப்புறம் மொத்தக் காலத்துக்கும் சேர்த்து 5 பவுண்டு. கூலிகளை மொத்தமாக வாங்கி, ஆட்டு மந்தை மாதிரி ஊர் ஊராக ஓட்டிச் சென்று விற்கும் தரகர்களைப் பற்றி அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. குடும்பத்தை வரவழைக்க வேண்டும் என்று தவித்தவர், அது நடக்காமலே 1777-ல் இறந்துபோனார்.

இவ்வளவு கொடுமை இருந்தும் அந்த ஃபார்வர்ட் சொல்வது தவறு. 1640-ல் வர்ஜீனியாவில் மூன்று வேலைக்காரர்கள் சேர்ந்து ஓடிப் பிடிபட்டார்கள். மூவருக்கும் கசையடி. டச்சுக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் கூடுதலாக 4 ஆண்டு உழைப்பு. மூன்றாமவர் ஜான் பஞ்ச், கறுப்பர். அவருக்கு மட்டும் ஆயுள் முழுக்க உழைப்பு என்று தீர்ப்பு. செய்த குற்றம் ஒன்றுதான். 1662-ல் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளையும் அடிமை என்று அதே வர்ஜீனியா சட்டம் போட்டது. ஹாரோவரின் ஒப்பந்தத்தில் முடியும் தேதி இருந்தது. அவருடைய பிள்ளைகளை அது தொடவில்லை.

ஃபார்வர்ட் அனுப்பியவரிடம் சண்டை போட வேண்டாம். 1640 வழக்கை மட்டும் சொல்லி, அதற்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.