மூவர்ணப் பானத்தில் ஆரஞ்சு ஏன் கீழே இறங்குகிறது?

வணக்கம். கும்பகோணத்தில் உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 15 அன்று கொடுப்பதற்காக ஒத்திகை பார்த்த மூவர்ணப் பானத்தில், ஆரஞ்சுச் சாறு கீழே இறங்கிப் பாலோடு கலந்து திரிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். திரிந்ததற்குச் சாற்றின் புளிப்பே காரணம். இறங்கியதற்குக் காரணம், சர்க்கரை கூடக் கூடத் திரவம் கனத்துவிடுவதுதான்.

ஆகவே, பச்சைக்கு வெட்டிவேர் சிரப்பை நீர் கலக்காமல் அடியில் ஊற்றி, அதன்மேல் தம்ளரின் முக்கால் பங்கு வரை பொடித்த ஐஸை நிரப்புங்கள். வெள்ளைக்குப் பசும்பாலை விட்டுவிட்டு (டெல்டாவில் தேங்காய்க்கா பஞ்சம்!), கெட்டியான தேங்காய்ப்பாலில் அரைத் தம்ளருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை முழுவதும் கரைத்து, கரண்டியின் முதுகில் பட்டு வழியும்படி மெல்லிய தாரையாக விடுங்கள். ஆரஞ்சுச் சாற்றை வடிகட்டி, சர்க்கரை சேர்க்காமல், சம அளவு குளிர்ந்த நீர் கலந்து அதே முறையில் ஊற்றினால் மேலேயே நிற்கும். நிறம் வெளுத்துத் தெரிந்தால் துளி கேசரிப் பவுடர் போதும். ஐஸ் உருகினால் எல்லைகள் மங்கிவிடும் என்பதால், கொடியேற்றி முடித்த பிறகே தம்ளர்களை நிரப்புங்கள்.

பெரியவர்களுக்கு வோட்கா சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அன்று மதுக்கடைகளுக்கு விடுமுறை. என் நாக்குக்கு வெட்டிவேரின் மணமே போதுமானது.